காகிதம் போட்ட தாளம்

1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஸன் ரெக்கார்ட்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் நீண்டநேர இசைத்தட்டு, 'கன்ட்ரி' சங்கீதத்தில் பிற்பாடு பெரும் பிரசித்தி பெற்ற ஜானி காஷின் முதல் தொகுப்பேயாகும். பருத்திக்காட்டுக் குடும்பத்தில் வளர்ந்த அவர் பக்திப் பாடல்களோடு வந்து நின்றபோது, அவை விலைபோகா என்று கருதிய கம்பெனி அதிபர் ஸாம் பிலிப்ஸ் லௌகிகமான பாட்டுக்களையே கேட்டார். ஆயினும் பக்திப் பாட்டொன்று எப்படியோ தொகுப்பில் இடம்பிடித்துவிட்டது. மேளவாத்தியமில்லாத காஷின் கோஷ்டியில், கிதார்த் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகி, அது அதிரும் ஓசையையே தாளமாக்கிக்கொண்ட யுக்தி, என் அபிப்பிராயத்தில், வெகு சாமர்த்தியமானது. நிதானமாகப் பாட அவர் நினைத்திருந்த 'ஐ வாக் த லைன்' பாட்டை, பிலிப்ஸ் துரிதகாலத்தில் பாடவைத்தார். சரணந்தோறும் சுருதி மாறுவதால், அடுத்ததைப் பிடிக்க காஷ் இழுக்கும் ஹூங்காரமும் தட்டிலேயே பதிந்திருக்கிறது.