வேகம் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது!

அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் தெரியாமல் கை பட்டுவிடுகிறது. "ஐயோ, சுடுகிறதே!" என்று மனம் நினைப்பதற்குள் கை பின்னால் வந்துவிடுகிறது. இதை நமக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கைக்குழந்தைக்கும் இது உண்டு.

டைப் அடித்துப் பழகியவரைப் பாருங்கள். கண் காகிதத்தில் இருக்கிறது. விரல்கள் தாமாகவே எழுத்துக்களைத் தேடிப் போகின்றன. பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கும் தொழிலாளியின் கையும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறார். கை தவறுவதில்லை.

முதலாவது இயற்கை தந்தது. இரண்டாவது பழக்கம் தந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே நடப்பது வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எந்தக் கைவேலையையும் விரைவில் பழகலாம். அதைவிட முக்கியம், விரல்களையும் உயிரையும் காத்துக்கொள்ளலாம்.

முதுகில் ஒரு காவல்காரன்

சுட்ட கையை இழுப்பது மூளையின் உத்தரவு அல்ல. தோலில் இருந்து கிளம்பும் செய்தி முதுகுத் தண்டுவடத்துக்குப் போகிறது. "கையை எடு!" என்ற உத்தரவு அங்கிருந்தே திரும்பி வருகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான். இதை அனிச்சைச் செயல் என்று பள்ளியில் படித்திருப்போம். டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதே, அதுவும் இந்த வகைதான். தட்டிய பிறகு, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆவதற்குள் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் பந்தைப் பிடிப்பது, பிரேக் போடுவது, டைப் அடிப்பது எல்லாம் இந்த வகை அல்ல. கண் பார்க்க வேண்டும். மூளை புரிந்துகொள்ள வேண்டும். பிறகு கைக்கு உத்தரவு போக வேண்டும். இதற்கு நேரம் ஆகிறது.

எவ்வளவு நேரம்? நீங்களே அளந்து பார்க்கலாம்.

ஸ்கேல் சோதனை

30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரை அதன் மேல் முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சற்று விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும்.

15-வது சென்டிமீட்டரில் பிடித்தால் உங்களுக்கு ஆன நேரம் 0.17 விநாடி. 20-ல் பிடித்தால் 0.20 விநாடி. 30-ல் பிடித்தால் 0.25 விநாடி. பத்து முறை செய்து சராசரி பாருங்கள்.

சில நாட்கள் பழகினால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். பிறகு நின்றுவிடும். எவ்வளவு முயன்றாலும் அதற்குக் கீழே இறங்காது. காரணம், உடம்பில் அதிவேக நரம்பில்கூடச் செய்தி விநாடிக்கு சுமார் 120 மீட்டருக்கு மேல் போவதில்லை. மூளையும் முடிவு செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது.

உலக ஓட்டப் பந்தயங்களில் ஒரு விதி உண்டு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால், அவர் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, முன்கூட்டியே ஓடிவிட்டார் என்று தீர்ப்பு. அவ்வளவு வேகமாக எந்த மனிதனாலும் கேட்டு எழ முடியாது என்பது கணக்கு!

கிரிக்கெட் வீரருக்கு மட்டும் எப்படி?

வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசுகிறார். அது மட்டையாளரிடம் வந்து சேர சுமார் அரை விநாடி. அதற்குள் பார்த்து, முடிவு செய்து, மட்டையைச் சுழற்றி ஆக வேண்டும். அப்படியானால் அவருக்கு நம்மைவிட வேகமான நரம்புகள் இருக்க வேண்டும் அல்லவா?

இதைத்தான் 1987-ம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் மெக்லியாட் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தார். விரிப்புக்கு அடியில் சிறு கட்டைகளை வைத்து, பந்து தரையில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதபடி செய்தார். சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்களை மட்டை பிடிக்கச் சொன்னார். பந்து திரும்பிய பிறகு மட்டையின் போக்கை மாற்ற அவர்களுக்கும் சுமார் 0.2 விநாடி ஆயிற்று. சாதாரண மனிதர்களுக்கு ஆகும் அதே நேரம்!

அப்படியானால் அவர்களுடைய திறமை எங்கே இருக்கிறது? 2000-ம் ஆண்டு அவரும் மைக்கேல் லேண்டும் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு விடை தந்தது. மட்டையாளரின் கண்கள் பந்தைத் தொடர்ந்து பின்னாலேயே போவதில்லை. பந்து கையை விட்டுக் கிளம்பியதும், அது தரையில் எங்கே படும் என்று கணித்து, பந்துக்கு முன்பாகவே கண் அங்கே போய்க் காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் போய்விடுகிறது.

கையின் வேகம் கூடவில்லை. கண் முந்திக்கொண்டது. பழக்கம் தரும் பரிசு இதுதான்.

வயதான டைப்பிஸ்ட் தோற்பதில்லை

ஒரு காலத்தில் லோயர், ஹையர் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய தமிழர்கள் ஏராளம். நிமிடத்துக்கு 30 சொல் லோயர்; 45 சொல் ஹையர். அந்த விரல்களே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. இன்று டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் எழுத்துக்கள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. விரல்களும் அதே விரல்கள்தான்.

வயதாக ஆகக் கை தளர்ந்து விடுமே என்று பலருக்குக் கவலை. 1984-ம் ஆண்டு அமெரிக்காவில் திமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 19 வயது முதல் 72 வயது வரையுள்ள டைப்பிஸ்டுகளைச் சோதித்தார். வெளிச்சத்தைக் கண்டதும் பொத்தானை அழுத்து என்பது போன்ற சோதனைகளில் வயதானவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் டைப் அடிப்பதில் இளைஞர்களுக்குச் சமமாக நின்றார்கள்!

என்ன ரகசியம்? விரல் ஒரு எழுத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது, வயதானவரின் கண் இளைஞரின் கண்ணைவிட அதிக எழுத்துக்கள் தள்ளி முன்னே படித்துக்கொண்டிருந்தது. நரம்பில் இழந்ததை அனுபவத்தில் ஈடு செய்துவிட்டார்.

எப்படிப் பழகுவது?

முதலில் மெதுவாகப் பழகுங்கள். மிருதங்கம் கற்பவரை முதல் காலத்தில் நன்றாகக் கை படிந்த பிறகுதான் இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் ஆசிரியர் அழைத்துப் போவார். சிலம்பம் கற்பவருக்கும் காலடி வரிசைதான் முதல் பாடம். வேகம் தானாக வரும். தவறாகப் பழகிய விரலைத் திருத்துவதுதான் கஷ்டம்.

அடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். 1978-ல் பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்கு டைப் கற்றுக் கொடுத்தபோது ஒரு ஒப்பீடு நடந்தது. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொரு பிரிவினருக்கு நாளுக்கு நான்கு மணி நேரம். ஒரு மணி நேரக்காரர்களுக்கு நாட்கள் அதிகம் ஆயின. ஆனால் அதே திறமையை அடைய அவர்களுக்குத் தேவைப்பட்ட மொத்த மணி நேரம் குறைவு. வேடிக்கை என்னவென்றால், "இது மெதுவாகப் போகிறதே" என்று அதிகம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்களே! ஆகவே, தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்று வேலைக்குப் போகிறவர்கள் வருந்த வேண்டியதில்லை.

எந்த வேலையில் வேகம் வேண்டுமோ அந்த வேலையையே பழகுங்கள். கேரம் போர்டில் கை தேர்ந்தவருக்கு அதனால் டைப் வேகம் வந்துவிடாது. ஒரு வேலையில் பழகிய கண், அந்த வேலையில்தான் முந்தும்.

உடம்பு முழுவதும் ஒன்றுசேர்ந்து இயங்கச் சிறு விளையாட்டுகளே போதும். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஆடும் அஞ்சாங்கல்லைவிடச் சிறந்த பயிற்சி உண்டா? ஒரு கல் மேலே பறக்கிறது. அது இறங்குவதற்குள் கை தரையில் உள்ளதை அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவரும் இதை ஆடலாம். சுவரில் ரப்பர் பந்தை எறிந்து, வலக்கையில் பத்து முறை, இடக்கையில் பத்து முறை பிடிக்கலாம். வயதானவர்கள் சுவர் ஓரமாக, கைக்குப் பிடிமானம் இருக்கும்படி, ஒற்றைக் காலில் சில விநாடிகள் நின்று பழகலாம்.

2004-ல் வெளியான ஜெர்மன் ஆராய்ச்சி ஒன்று உண்டு. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்க மூன்று மாதம் கற்றவர்களுக்கு, அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதி சற்றுப் பெருத்திருந்தது. பழக்கத்தை விட்ட மூன்று மாதத்தில் அது மறுபடி குறைந்தது. விட்டால் போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான்.

பழகிய கையே பகையாகும் இடம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கண் முந்துவதால்தான் கை ஜெயிக்கிறது என்று பார்த்தோம். கண் முந்த முடியாத இடத்தில் என்ன ஆகும்?

நிமிடத்துக்கு 120 முறை அடிக்கும் பிரஸ் மெஷினை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வர அதற்குக் கால் விநாடி. எதிர்பாராமல், பெடலை மிதிக்காமலேயே, அது இன்னொரு முறை இறங்கிவிடுகிறது என்று வையுங்கள். அதைக் கண்டு கையை எடுக்க மூளைக்கு 0.2 விநாடி. பாதுகாப்பு நிபுணர்கள் கணக்கிடும்போது கையின் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி 16 சென்டிமீட்டர் தூரம் கையை இழுக்க இன்னொரு 0.1 விநாடி. ஆக 0.3 விநாடி. மெஷினுக்கு 0.25 விநாடி. யார் ஜெயிப்பார்கள்? இருபது வருட அனுபவசாலிக்கும் இதே கணக்குதான்.

அதனால்தான் இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டிய இரட்டைப் பொத்தான் வைத்தார்கள். தடுப்புக் கம்பி வைத்தார்கள். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆனால் உற்பத்தி கூட வேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு, தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை வாங்கும் பட்டறைகள் உண்டு. "எனக்குக் கை வேகம்" என்ற பெருமையில் தாமே கழற்றிவிடும் தொழிலாளிகளும் உண்டு. அந்த வேகம், மெஷின் ஒழுங்காக ஓடும்வரைதான்.

தூக்கம் கெட்டால் இருக்கிற வேகமும் போய்விடும். 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவரின் நிலைக்கு வந்துவிடுகின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவே 30 மில்லிகிராம்தான்! காலை 5 மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடுபவருக்கு இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஓவர்டைம் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மின்சார ரயிலில் வாசலில் தொங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது ரயிலுக்கு மெதுவான வேகம். அந்த வேகத்திலும், கால் வழுக்கியதை மூளை உணர்ந்து கை கம்பியைத் தேடும் கால் விநாடியில் வண்டி இரண்டு மீட்டர் போய்விடும். ஓடும் வண்டியில் ஆயிரம் முறை இறங்கியவருக்கும் அந்த இரண்டு மீட்டர் குறையாது.

வீட்டிலும் இதே பாடம்தான். கத்தி கை நழுவினால் பழகிய கை பிடிக்கப் பாயும். பிடிக்க வேண்டாம், காலை விலக்கிக்கொள்ளுங்கள். கத்தி போனால் வேறு வாங்கலாம்.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்த வேலையில் பழகப் பழகக் கண் முந்தும், கை தேறும், வயதும் அதற்குத் தடையில்லை. என்ன வரும் என்று தெரியாத இடத்தில் கையை நம்பாதீர்கள். தூரத்தையும் தடுப்பையும் நம்புங்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது இந்தப் பத்து விரல்களை நம்பித்தான். பத்தும் பத்திரமாக ஊர் திரும்ப வேண்டும்.