காட்டின் வண்ணம்

உதகைக்குச் செல்வோர் பலர், தேயிலைத் தோட்டங்களையும் எமரால்டு நீர்த்தேக்கத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். இவையெல்லாம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அம்மலைகளில் மக்கள் வாழ்ந்தனர் என்பதை எண்ணுவோர் சிலரே. எமரால்டைச் சூழ்ந்த உயர்ந்த புல்வெளிகளில் தோதவர் எருமை மேய்த்தனர். கிழக்கே, கோத்தகிரியைச் சார்ந்த காட்டுச் சரிவுகளில் ஆலு குறும்பர் செங்குத்துப் பாறைகளில் தேனெடுத்தும், சாமையும் கேழ்வரகும் விதைத்தும் வாழ்ந்தனர். தோதவ மகளிர் வெண்துணியில் சிவப்பும் கருப்புமான நூல்களால் பூவேலை செய்தனர். குறும்பரோ சுவரில் ஓவியம் தீட்டினர்.

கோத்தகிரிப் பகுதியில் வெள்ளரிக்கொம்பை என்பது ஒரு குறும்பர் ஊர். அதற்கப்பால், காட்டினுள்ளே, எழுத்துப்பாறை என்றொரு பாறை உண்டு. அதில் காணும் பழைய ஓவியங்கள் தம் முன்னோர் வரைந்தவை என்பர் குறும்பர். விழாக் காலங்களில் கோயிற் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் படம் எழுதும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. மண்சுவர் ஓவியம் மழைக்கும் வெயிலுக்கும் நில்லாது. மீண்டும் எழுதினாலன்றி வாழாது. ஆதலின் எழுதுவோர் அருகியபோது கலையும் அருகிற்று.

அவ்வூரினரான கிருஷ்ணன் என்னும் ஓவியர் அக்கலையைத் தாளிலும் துணியிலும் எழுதலானார். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். தாளோ ஊர்விட்டு ஊர் செல்லும். குறும்பரை நேரில் காணாதவரும், அவர்கள் பாறையில் தேனெடுப்பதையும் விழாவில் ஆடுவதையும் அவர் படங்களில் கண்டனர்.

எழுதும் இடம் மாறிற்று, வண்ணம் மாறவில்லை. வேங்கை மரத்தின் பட்டையைக் கீறினால் குருதி போன்ற பிசின் வடியும். அதைச் சிறுதீயில் காய்ச்சிப் பழுப்பு நிறம் கொள்வர். இலைச்சாறு பச்சையைத் தரும். மரப்பட்டை கருமையைத் தரும். மண்ணே செம்மையும் வெண்மையும் தரும். இவ்வோவியன் தூரிகையை எடுக்குமுன் காட்டை அறிந்திருத்தல் வேண்டும். எம்மரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு கீறினால் அது பட்டுப்போகாது என்பன அவன் கல்வியின் முதற்பகுதி எனலாம்.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையிலுள்ள பப்புன்யா என்னும் ஊரில், மணலிலும் உடலிலும் தீட்டி வந்த குறிகளை முதுகுடியினர் 1971ஆம் ஆண்டில் பலகைகளில் தீட்டத் தொடங்கினர். கடையில் விற்கும் வண்ணங்களை அவர்கள் தயங்காது ஏற்றனர். அதனால் அவர்தம் நில உறவு அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு படமும் ஓர் இடத்தின் கதையையே கூறிற்று. ஆயினும் வேங்கைப் பிசினால் எழுதிய படத்திற்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அது காட்டைக் காட்டுவதோடு, காட்டின் ஒரு துளியையும் தன்மேல் தாங்கி நிற்கிறது.

அத்துளியைப் பெறுவதற்குக் காட்டினுள் செல்லும் உரிமை வேண்டும். ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காடுகள் அரசின் காப்பில் அமைந்தமையால், தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து வந்தோர்க்கும் அங்கே தடைகள் உண்டாயின. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரமொழிந்த வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமை பழங்குடியினர்க்கு உண்டென ஏற்றது. தேனும் மெழுகும் அச்சட்டத்தில் பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளன.