எந்தப் பொன்முடி?

"பொன்முடிக்குப் போகிறோம்" என்று யாராவது சொன்னால், "எந்தப் பொன்முடி?" என்று கேட்பது என் வழக்கம். வேடிக்கைக்காக அல்ல. கேரளத்தில் பொன்முடி இரண்டு உண்டு. ஒன்று, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக நம் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் மலை. மற்றது, இடுக்கி மாவட்டத்தில் பன்னியாற்றின் குறுக்கே 1963-ல் கட்டி முடித்த அணை இருக்கும் ஊர். ஊரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் அணையின் படத்தைக் காட்டி, "காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமே" என்பார். இங்கிருந்து அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

உயரத்திலும் இதே குழப்பம்தான். "ஊட்டி மாதிரி" என்று சொல்லிவிடுகிறார்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர். பாதிக்கும் சற்றுக் குறைவு. ஸ்டேஷன் பெயர்ப்பலகையிலேயே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி வைக்கும் துறையில் இருந்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். அதற்காகப் பந்தியில் பத்துப் பேர் முன்னிலையில் "நீங்கள் சொல்வது தப்பு" என்று வெட்டிப் பேசினால் விருந்துதான் கெடும். "எந்தப் பொன்முடி?" என்று கேட்டுவிட்டால் பெரும்பாலும் அவரே திருத்திக்கொள்வார்.

கல்லாற்றைத் தாண்டியதும் தொடங்கும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் விவரம் வேறு, மரியாதை வேறு என்று பிரிக்கவே முடியாது. குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த விதிகளிலும் இது இருக்கிறது. பலர் இதை வெறும் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். காரணம் ஏற்றத்தில் இருக்கிறது. ஏறும் வண்டி நின்றுவிட்டால், பாரம் முழுவதையும் அசைவற்ற நிலையிலிருந்து இழுத்துக் கிளப்ப வேண்டும். கிளட்ச் தேயும், வண்டி பின்னால் உருளவும் கூடும். 1904-ல் திறந்த கொல்லம் - செங்கோட்டைப் பாதையின் மலைப் பகுதியில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் கொடுத்தது இந்த ஏற்றத்துக்காகத்தான். விடுமுறை நாளில் இறங்கி வரும் காரில் இருந்து ஹாரன் அடித்து, ஏறி வரும் பஸ்ஸைப் பின்வாங்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. தமிழில் பெரியவர்களை "நீங்கள்" என்கிறோம். அதே பழக்கத்தில் மலையாளத்தில் வயதானவரை "நிங்ஙள்" என்றால் முகம் சுளிப்பார். நாம் மரியாதை என்று நினைத்துச் சொன்னது அவர் காதில் துடுக்காக விழுகிறது. தமிழில் "வந்தீர்கள்" என்ற வினையிலேயே மரியாதை ஏறிவிடும். மலையாளத்தில் நான் வந்தாலும் அவர் வந்தாலும் "வந்நு"தான். ஆகவே மரியாதையை விளிப்பெயர் சுமக்க வேண்டியிருக்கிறது. "சார் எப்போள் வந்நு?" என்றுதான் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியையும் "சார்"தான்! சென்னையிலிருந்து புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். முதல் நாளே வீட்டில் சொல்லி அனுப்பிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் பாடமாக நடத்தப்போவதில்லை. பிள்ளை துடுக்கானது என்று பெயர் வாங்கிய பிறகு மாற்றுவது கடினம்.

வடக்கே "சேட்டன்" என்பதற்கு, திருவனந்தபுரத்துப் பேச்சில் "அண்ணன்" தாராளமாகப் புழங்குகிறது. அது நமக்கு வசதி. அடுத்த முறை பொன்முடி போகும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தி, "அண்ணா, இனி எத்ர தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் உச்சரிப்பைக் கேட்டதும் அவர் தமிழிலேயே பதில் சொன்னாலும் சொல்வார்.