லோக்கல் பார்ட்ஸ் மாட்டும் கலை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ டெல்லி கரோல் பாகிலோ மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையொன்றின் முன் சற்று நேரம் நின்று கவனித்தவர்களுக்கு, வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்ன மாத்திரத்தில் கடைக்காரர் அடுத்தபடியாகக் கேட்பது, ‘கம்பெனியா, லோக்கலா?’ என்பதாகவே இருக்கும் என்று தெரியும்.

‘லோக்கல்’ என்று பதில் சொல்வதில் வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை. 1985இல் இந்தியாவில் உற்பத்தி தொடங்கி 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி இன்றைக்கும் நம் தெருக்களில் புகை கக்கிக்கொண்டு உற்சாகமாக ஓடுகிறதென்றால், அதன்மேல் பிரேமை கொண்ட மெக்கானிக்குகளுக்கு அதில் எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு அதன் மட்கார்டையும் சைடு பேனலையும் நகல் செய்து விற்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கும் உண்டு. ஆனால் கம்பெனி சாமானுக்கும் லோக்கல் சாமானுக்கும் உள்ள விலை வித்தியாசம் வாங்குகிறவருக்கு இனாமாகக் கிடைப்பதன்று. கடையில் பணமாகக் கொடுக்காததை, மாட்டும் வேளையில் உழைப்பாகவும் பொறுமையாகவும் கொடுத்தே தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காரணம் அச்சில் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி, ஆறியபின் எடுப்பதே பிளாஸ்டிக் சாமான்களைச் செய்யும் வழி. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும் என்பதால், கம்பெனியின் அச்சு அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சற்றுப் பெரிதாகவே வெட்டப்படுகிறது. சிறு பட்டறையோ பெரும்பாலும் அளவுப் படம் எதுவும் கையில் இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய சாமானையே மாதிரியாக வைத்து அச்செடுக்கிறது. இரண்டாவது சுருக்கத்துக்கு இடம் விடாமற்போனால், நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை சுருங்கும் பாலிப்ரோப்பிலீனில் செய்த 30 சென்டிமீட்டர் நீளப் பேனல் 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைந்து வரும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கானால் பிசகு இதில் பாதிக்கும் குறைவு. ‘எல்லாத் துவாரமும் சேர்கிறது, கடைசித் துவாரம் மட்டும் சேரவில்லை’ என்று மெக்கானிக் அலுத்துக்கொள்வதன் ரகசியம் இதுவே. அது பட்டறைக்காரரின் மோசடியன்று, பௌதிக சாஸ்திரம்.

ஆகையால் பிளாஸ்டிக்கின் ஜாதியை முதலில் அறிந்துகொள்வது நலம். பேனலின் உட்புறத்தில் ஏ.பி.எஸ். என்றோ, பாலிப்ரோப்பிலீனைக் குறிக்கும் பி.பி. என்றோ எழுத்துக்கள் சில சமயம் அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் ஓரத்துப் பிசிரில் ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம், பி.பி. மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். முன்னதில் பெயிண்ட் லேசில் பிடிக்காது, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். பின்னது பெயிண்டை நன்றாக ஏற்கும். ஆனால் வெயிலில் நாளடைவில் நொறுங்குந்தன்மை அடையும் என்பதால், பெயிண்ட் அதற்கு அலங்காரம் மாத்திரமன்று, பாதுகாப்புமாகும். ஏ.பி.எஸ். பேனல் விண்டால், அதே ஜாதித் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி உட்புறம் பூசி ஒட்டிவிடலாம், பி.பி.யிடம் இந்த யுக்தி பலிக்காது.

இனி, மாட்டும் விதம். அவசரக்காரர்கள் செய்யும் முதல் காரியம் பெயிண்ட் அடிப்பது. அதுவே முதல் தவறுமாகும். சாமானைப் பச்சையாகவே வண்டியில் வைத்துப் பொருத்திப் பார்த்து, அராவ வேண்டியதை அராவி, துளைக்க வேண்டியதைத் துளைத்துத் தீர்த்த பிறகுதான் பெயிண்டைப் பற்றி நினைக்க வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் கைவிரலால் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, பேனல் தன் இடத்தில் தானாக அமர்ந்தபின் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டுமேயன்றி, ஒரு மூலையைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முழுக்க இறுக்கிவிட்டு எதிர் மூலையை இழுத்துப் பிடித்துச் சேர்க்கலாகாது. அப்படி விறைத்து நிற்கும் பிளாஸ்டிக், இன்ஜினின் அதிர்வில் என்றேனும் ஒருநாள் துவாரத்தின் ஓரத்திலிருந்து வெடிக்கும். துவாரம் பிசகியிருந்தால் உருட்டு அரத்தால் அதை நீள்வட்டமாக்கி, மேலே அகலமான வாஷர் வைப்பதே சரியான பரிகாரம். விறைப்பான பேனலை வெந்நீரில் சற்று வைத்து எடுத்தால் வளைந்து கொடுக்கும். ரப்பர் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவினால் பேனலின் முளை அதனுள் அழகாக இறங்கும். பழைய ரப்பர் காய்ந்திருந்தால் புதிது போடுங்கள், அதன் விலை அற்பம்.

இதுவரை சொன்னதில் பிசகு நேர்ந்தால் நஷ்டமே தவிர ஆபத்தில்லை. முன் மட்கார்டின் விஷயம் வேறு. பழைய வண்டிகள் பலவற்றில் முன் மட்கார்டு சேறு தடுக்கும் தகடு மாத்திரமன்று. அதன் உள்ளேயுள்ள இரும்புப் பட்டை ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்கிறது. அந்தப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக்கை மாட்டுகிறவர், வண்டியின் உறுதியில் ஒரு பகுதியையும் சேர்த்தே எறிகிறார். மட்கார்டு கழன்று சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் நின்றுபோகும், அதன் பின் நிகழ்வதை விவரிக்க வேண்டியதில்லை. எனவே முன்புறத்தை நன்றாக அமுக்கிப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஹெட்லைட் டூம் மாட்டியபின் ஹாண்டில்பாரை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, கேபிளோ ஒயரோ இழுபடாமலும் நசுங்காமலும் இருப்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடி மாட்டுகிறவர்களுக்கு ஓர் இடைச் செய்தி: பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை தலைகீழாகச் சுற்றும், இதை அறியாமல் பலங்கொண்டு திருகி மரையைக் கெடுத்தவர்கள் அநேகர்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது. உடைந்த பேனலுக்குப் பதில் அதே மாதிரிப் பேனல் போடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். லட்சணம் கெடுகிறதென்று இளைஞர்கள் கழற்றி வைக்கும் சேலை கார்டும் பின்னால் உட்காருகிறவருக்காக மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கும் சாதனமே.

சைடு பேனல், டெயில் பேனல், டூம் ஆகியவற்றை லோக்கலில் தாராளமாக வாங்குங்கள். புதிதாக மாட்டிய சாமானின் போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டியபின் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பெட்ரோல் டாங்கியையும் பிரேக் லீவரையும் மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், லோக்கலில் வாங்காதீர்கள்.