முதுமை எய்த அனுமதி இல்லாத ஜப்பானியக் கார்கள்

புதுதில்லி: ஜப்பானின் தொச்சிகி ஆலையிலிருந்து நிசான் ஜிடி-ஆர் (ஆர்35) ரகத்தின் கடைசிக் கார் 2025 ஆகஸ்ட் 26-ஆம் தேதி வெளிவந்தது. 18 ஆண்டுகளில் சுமார் 48 ஆயிரம் கார்களைத் தயாரித்த பின்னர் அந்த உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில்தான், 20 ஆண்டுகளைக் கடந்த இறக்குமதிக் கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு ரூ.80 ஆயிரமாக உயர்த்தியது. உள்நாட்டுக் கார்களுக்கு இக்கட்டணம் ரூ.10 ஆயிரம்.

இரு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், ஜப்பானிய அதிவேகக் கார்களை இந்தியாவில் வைத்திருப்போருக்கு இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன. இத்தகைய காரை வாங்குவதைவிட, அதைச் சட்டத்துக்கு உள்பட்டுப் பல ஆண்டுகள் பாதுகாப்பதே கடினம்.

விலையைப்போல் மூன்று மடங்கு: ஜிடி-ஆர் 2016 டிசம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் தில்லி விலை ரூ.1.99 கோடி. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், நிசான் 370இசட் ஆகியவை அதற்கு முன்னரே, 2010-இல் விற்பனைக்கு வந்தன. சாதாரண லான்சர் கார் சென்னையை அடுத்த திருவள்ளூரில் தயாரானது. ஆனால், எவல்யூஷன் முழுமையாகக் கட்டப்பட்ட நிலையிலேயே இறக்குமதியானது.

40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள புதிய காருக்கு, 2025 மத்திய பட்ஜெட்டின்படி சுங்கத் தீர்வையும் வேளாண் கட்டமைப்பு மேல்வரியும் சேர்ந்து 110 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜிஎஸ்டி 40 சதவீதம். இக்கணக்கின்படி, துறைமுகத்துக்கு ரூ.1 கோடி மதிப்பில் வந்து சேரும் கார், மாநிலச் சாலை வரிக்கு முன்பே ரூ.2.94 கோடியாகிவிடும்.

பழைய கார்களுக்குத் தடை: வெளிநாடுகளில் ரசிகர்கள் தேடும் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர், 1999 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது. 25 ஆண்டுகளைக் கடந்த கார்களை இறக்குமதி செய்ய அமெரிக்கா அனுமதிக்கிறது. இந்திய விதி இதற்கு நேர்மாறானது. பயன்படுத்தப்பட்ட கார் மூன்று ஆண்டுகளுக்கு உள்பட்டதாக இருக்க வேண்டும்; மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். 2021-இல் வகுக்கப்பட்ட பழம்பெரும் வாகன விதிகளோ 50 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கே பொருந்தும். 1999-இல் தயாரான ஸ்கைலைன் அத்தகுதியைப் பெற 2049 வரை காத்திருக்க வேண்டும்.

முன்வாசல் அடைக்கப்பட்டால் பின்வாசல் திறக்கும் என்பதற்கு 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய 'நும்கோர்' சோதனை ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானிய டொயோட்டா லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல் உள்ளிட்ட பழைய வாகனங்கள் பூடான் வழியாகக் கடத்தப்பட்டு, போலி ஆவணங்கள் மூலம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டதாகச் சுங்கத்துறை குற்றஞ்சாட்டியது. பல வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. உள்நாட்டுப் பதிவுச் சான்றை மட்டும் நம்பி இறக்குமதிக் காரை வாங்குபவர், காரையும் பணத்தையும் ஒருசேர இழக்க நேரிடலாம். சுங்கத் தீர்வை செலுத்தியதற்கான மூல ஆவணமே அவருக்குப் பாதுகாப்பு.

பராமரிப்பின் சுமை: இரட்டை டர்போ பொருத்திய 3.8 லிட்டர் ஜிடி-ஆர் என்ஜின், ஒவ்வொன்றும் ஒரே கைவினைஞரால் கட்டப்பட்டு அவரது பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியாவில் அதைப் பழுதுபார்ப்பதற்கான சிறப்பு மையத்தை நிசான் நொய்டாவில் அமைத்தது. உதிரிபாகங்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வர வேண்டும். அவற்றுக்கும் தீர்வை உண்டு.

எரிபொருளும் ஒரு சிக்கல். இத்தகைய என்ஜின்கள் உயர் ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. ஆக்டேன் குறைந்தால் என்ஜினில் தட்டல் ஏற்பட்டு பிஸ்டன்கள் சேதமடையலாம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தில்லி உள்ளிட்ட 10 நகரங்களில் அறிமுகப்படுத்தியது. மற்ற ஊர்களில் கிடைப்பது அரிது. சாதாரண பெட்ரோலில் தற்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கக் கூடியது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் அடைப்புகளையும் அரிக்க வல்லது. ஆதலால் நெடுநாள் ஓடாமல் நிற்கும் காரின் எரிபொருள் தொட்டியில் தனிக் கவனம் தேவை.

ஜிடி-ஆரின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 11 சென்டிமீட்டர் உயரத்தில்தான் உள்ளது. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த தரப்படி வேகத்தடையின் உயரமே 10 சென்டிமீட்டர். தரத்தை மீறிய வேகத்தடைகளோ ஊருக்கு ஊர் உள்ளன. காரை விருப்பம்போல் மாற்றியமைக்கவும் வழியில்லை. தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தில்லியின் கெடு: தலைநகரில் உள்ள உரிமையாளருக்கு வயது வரம்பும் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்படி 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்கள் தில்லி சாலையில் ஓட முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அத்தகைய கார்களுக்கு 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் மறுக்கும் திட்டம், எதிர்ப்பு காரணமாக சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த பொதுப் பாதுகாப்பு, டிசம்பரில் பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது.

தில்லியில் பி.எஸ்.-4 தரம் கட்டாயமானது 2010 ஏப்ரலில். எனவே, அந்த ஆண்டில் அத்தரத்துடன் பதிவான எவல்யூஷன் தப்பிக்கும். அதற்கு முந்தைய தரத்திலான கார், எவ்வளவு நன்கு பராமரிக்கப்பட்டிருந்தாலும், வேறு மாநிலத்துக்குச் செல்ல வேண்டும் அல்லது உடைப்புக்குப் போக வேண்டும்.

தில்லியின் நச்சுக் காற்று கற்பனையல்ல. பழைய என்ஜின்களின் புகைக்கு அதில் பங்கு உண்டு. அதற்காக விதி தேவை என்பதை மறுக்க இயலாது. ஆயினும், மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரையும், நாள்தோறும் புகை கக்கி ஓடும் காரையும் ஒரே தேதியைக் கொண்டு எடைபோடுவது சரியா என்பது பரிசீலனைக்குரியது. தலைநகரில் வயதைக் காட்டி விலக்கும் அரசு, பிற இடங்களில் ரூ.80 ஆயிரம் பெற்றுக்கொண்டு அனுமதிக்கிறது. காரின் தகுதியைப் பிறந்த ஆண்டும் கட்டணமும் முடிவு செய்யும்வரை, மூன்று மடங்கு விலை கொடுத்து நேர்வழியில் வாங்கியவரே அதிகம் இழப்பார்.