நீலத்தாள் ஏடு: மிலான் நகரத்து ‘இல் கொன்சிலியாத்தோரே’

ஒரு சஞ்சிகையின் பெருமையை அது வாழ்ந்த காலத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. பதின்மூன்று திங்களுக்குச் சற்று மேலாக மட்டுமே வாழ்ந்து, 118 இதழ்களோடு மறைந்த ‘இல் கொன்சிலியாத்தோரே’ என்னும் இத்தாலிய ஏடு இதற்குத் தக்க சான்றாகும்.

நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின், 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டின்படி லொம்பார்தியும் அதன் தலைநகராகிய மிலானும் ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டன. அடுத்த ஆண்டில், அரசின் ஆதரவுபெற்ற ‘பிப்லியோத்தேக்கா இத்தாலியானா’ என்னும் சஞ்சிகையிலே ஸ்தால் அம்மையார் ஒரு கட்டுரை வரைந்தார். இத்தாலியப் புலவர் பழம் புராணக் கதைகளையே பாடிக்கொண்டிராது, ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளிலுள்ள நூல்களைப் பெயர்த்துக் கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. பழைமை போற்றுவோர் சினந்தனர். இளைஞர் சிலரோ அக்கருத்தைத் தழுவினர். அவருள் ஒருவரான ஜியொவானி பெர்ஷே, கவிதை கற்றோர் சிலர்க்கன்றிப் பொதுமக்களுக்கே உரியதென 1816இலேயே வாதிட்டார்.

இப்பூசலின் பயனாக 1818 செப்டெம்பர் 3ஆம் நாள் இவ்வேடு தோன்றியது. போரோ லம்பெர்தெங்கி, கொன்பலோனியேரி என்னும் பிரபுக்கள் பொருளுதவினர். நாடகாசிரியர் சில்வியோ பெல்லிக்கோ இதழை நடத்தும் பொறுப்பினை ஏற்றார். வியாழனும் ஞாயிறுமாகக் கிழமைக்கு இருமுறை வெளிவந்தது. நீலநிறத் தாளில் அச்சிடப்பட்டமையால் ‘நீல ஏடு’ எனவும் வழங்கிற்று. பெயரின் பொருள் ‘இணக்குவோன்’ என்பது. இலக்கியத்தையும் பயன்தரும் அறிவியலையும் இணக்குதலே அதன் நோக்கம். ஆதலின், நாடகத் திறனாய்வோடு உழவும் கைத்தொழிலும் கல்வியும் அதன்கண் ஒருங்கே இடம்பெற்றன. மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அது போற்றியது. அம்முறையை அந்திரூ பெல் என்பார் முன்னர்ச் சென்னையிலே கையாண்டு, பின்னர் ஐரோப்பாவிற் பரப்பினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அரசியலைப் பற்றி வெளிப்படையாக எழுத இடமில்லை. எனினும், மக்களுக்கான இலக்கியம் என்ற சொல்லின் உள்ளே, இத்தாலியர் ஒரே மக்கள் என்னும் எண்ணம் உறைந்திருந்தது. தணிக்கையாளர் இதனை நன்குணர்ந்தனர், கட்டுரைகள் வெட்டுண்டன. ‘இணக்குவோனை’ எள்ளுதற்கென்றே ‘வம்புக்காரன்’ என்னும் பொருள்படும் பெயருடைய ஏடொன்றும் இளஞ்சிவப்புத் தாளில் வெளிவந்தது. பெல்லிக்கோ காவற்றுறையினரால் அச்சுறுத்தப்பட்டார். சிதைந்த ஏட்டை நடத்துவதினும் நிறுத்துவதே மேலெனக் கொண்டு, 1819 ஒக்டோபர் 17ஆம் நாளோடு அதனை நிறுத்தினர்.

ஏடு நின்றும் துன்பம் நிற்கவில்லை. பெல்லிக்கோ 1820இற் கைதானார். மரணதண்டனை பதினைந்து ஆண்டுக் கடுஞ்சிறையாகக் குறைக்கப்பட, மொராவியாவிலுள்ள ஸ்பீல்பேர்க் கோட்டையில் அடைபட்டார். கொன்பலோனியேரியும் அங்கேயே சிறையிருந்தார். பெர்ஷே நாடுவிட்டகன்றார். 1830இல் விடுதலையான பெல்லிக்கோ, 1832இல் வெளியிட்ட ‘என் சிறைவாசம்’ என்னும் நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது. ஓர் ஏட்டின் வாயிலாகச் சில நூறு வாசகர்க்கும் சொல்லவியலாது தடுக்கப்பட்டவரின் குரலை ஐரோப்பா முழுதும் கேட்டது. 1859இல் மிலான் ஒஸ்திரிய ஆட்சியினின்றும் நீங்கிற்று.

இலக்கிய ஏடொன்றைப் பேரரசு அஞ்சியது ஏன் எனின், தம் மொழியிலே தம் வாழ்வைப்பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய மக்கள் நெடுங்காலம் பிறர்க்கு அடங்கியிரார் என்பதனாலென்க.