முதல் 15 ஆட்டமும் தோல்வி!
தன் பக்கக் கூடையிலேயே பந்தைப் போட்ட வீரர்

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு தொழில் நகரம். அங்கே 1970-ல் "கேவலியர்ஸ்" என்ற கூடைப்பந்து டீம் புதிதாகத் துவக்கப்பட்டது. எல்லோரும் சம்பளத்துக்கு ஆடும் வீரர்கள். ஆனால் முதல் வருஷம் அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

எடுத்த எடுப்பில் 15 ஆட்டமும் தோல்வி. 16-வது ஆட்டத்தில், தங்களைப் போலவே புதுசாக வந்த போர்ட்லாந்து டீமை 2 பாயிண்டில் ஜெயித்தார்கள். "அப்பாடா" என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடி மேல் அடி!

காரணம் என்ன?

பழைய டீம்கள் தங்களுக்கு வேண்டியவர்களை வைத்துக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களில்தான் புது டீம் ஆள் எடுக்கவேண்டும். கழித்த சரக்கை வைத்துக் கடை நடத்தினால் லாபம் எப்படி வரும்?

ஊரே சிரித்தது

டிசம்பர் 9-ந் தேதி மறுபடியும் போர்ட்லாந்துடன் மோதல். கேவலியர்ஸ் வீரர் ஜான் வாரன் பந்தை வாங்கினார், ஓடினார், கூடையில் போட்டார். பாயிண்ட் எதிரிக்கு! அவர் போட்டது தன் பக்கக் கூடையில். இதில் வேடிக்கை, போர்ட்லாந்து வீரர் ஒருவர் அதைத் தடுக்கப் பாய்ந்ததுதான்!

கடைசிக் கணக்கு: 82 ஆட்டம், 15 வெற்றி, 67 தோல்வி.

கோச் தப்பினார்

இவ்வளவு உதை வாங்கியும் கோச் பில் ஃபிட்ச்சை வீட்டுக்கு அனுப்பவில்லை. பின்தங்கிய டீம்கள் கல்லூரி வீரர்களை முன்னதாக எடுக்கலாம் என்பது லீக் சட்டம். 1971-ல் முதல் ஆளாக ஆஸ்டின் காரை அள்ளினார்கள்.

1976-ல் அதே ஃபிட்ச், அதே டீமைத் தங்கள் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். சிறந்த கோச் விருதும் அவருக்கே.

அந்த டீமில் பிங்கோ ஸ்மித் என்பவரும் இருந்தார். 1970-ல் பழைய டீம் வேண்டாமென்று விட்ட "கழித்த சரக்கு"களில் அவரும் ஒருவர்!